ஷெல்பி டேட்டோனா கூபே: ஆறே வண்டிகள். இதை அமெரிக்க வண்டி என்று சொல்லலாமா?

#1 நாலாம்கியர்

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் என்று பேச்சு எடுத்தாலே நாம் கார்வெட், மஸ்டாங், வைப்பர் என்று போய்விடுகிறோம். எல்லாம் ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் விற்றவை. 1964, 1965 இரண்டே வருடங்களில் மொத்தம் ஆறு வண்டிகள் செய்து, ஃபெராரி கையில் இருந்த ஜி.டி (சாலை வண்டிகளை ஒட்டிச் செய்த பந்தய வண்டிகள்) பிரிவுப் பட்டத்தைப் பறித்த ஷெல்பி டேட்டோனா கூபேயைப் பற்றி இங்கே யாரும் விரிவாக எழுதவில்லை. அதனால் தொடங்குகிறேன்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி உண்டு. இந்த வண்டியின் சேசிஸ் (அடிச்சட்டம்) இங்கிலாந்தில் தேம்ஸ் டிட்டனில் இருந்த ஏ.சி கார்ஸ் நிறுவனத்தில் செய்தது. ஆறில் ஐந்து வண்டிகளின் பாடி இத்தாலியில் மொடேனா நகரத்தில் தட்டி எடுத்தது. இன்ஜின் மட்டும் ஃபோர்டு வி8. ஓட்டியவர்களில் அமெரிக்கர் உண்டு, நியூசிலாந்துக்காரர் உண்டு, ஜெர்மானியர் உண்டு, பிரெஞ்சுக்காரர் உண்டு. அப்படி இருக்க, "ஐரோப்பாவை வென்ற அமெரிக்க வண்டி" என்று எல்லோரும் எழுதுவது எந்த அளவுக்குச் சரி?

பாகங்களை வைத்துப் பார்த்தால் சரி இல்லை என்பதுதான் என் எண்ணம். படித்தவர்கள், நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய_கார்பரேட்டர்

நல்ல கேள்வி. ஆனால் வண்டி ஏன் பிறந்தது என்று தெரியாமல் அது யாருடையது என்று பேச முடியாது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கரோல் ஷெல்பி டெக்சாஸ்காரர். ஒரு காலத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். 1959 இல் ராய் சால்வடோரியோடு சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டின் ஓட்டி பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். இதயக் கோளாறால் 1960 இல் ஓட்டுவதை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் ஏ.சி கார்ஸின் சின்ன ஏஸ் வண்டிக்குள் ஃபோர்டு வி8 இன்ஜினை வைக்கும் யோசனை. 1962 இல் கோப்ரா பிறந்தது.

அமெரிக்காவில் கோப்ராவை அடிக்க ஆள் இல்லை. அங்கே பந்தயத் தடங்களில் வளைவு அதிகம், நேர்பாதை குட்டை. எடை குறைந்த, இழுவிசை அதிகமான வண்டிக்கு அது போதும். லெ மான் அப்படி இல்லை. அங்கே முல்சான் நேர்பாதை மட்டும் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். கூரை இல்லாத கோப்ரா மணிக்கு 250 கிலோமீட்டரைத் தொட்டதும் காற்றில் முட்டி நின்றுவிடும். ஃபெராரி 250 ஜி.டி.ஓ அதைவிட முப்பது கிலோமீட்டருக்கு மேல் வேகமாகத் தாண்டிப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை, 24 மணி நேரம். 1963 லெ மானில் மேலே ஒரு கடினக் கூரையை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். ஏழாவது இடம் கிடைத்தது. மரியாதையான முடிவுதான், ஆனால் ஜி.டி பிரிவில் ஃபெராரிகள் முன்னால் இருந்தன.

இங்கே விதிமுறை ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜி.டி பிரிவில் ஓட வேண்டும் என்றால் 100 வண்டிகள் செய்திருக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற வண்டிக்கு வேறு பாடி போட்டுக்கொள்ள விதி இடம் கொடுத்தது. ஃபெராரி அந்த வழியில்தான் 250 ஜி.டி.ஓவை உள்ளே கொண்டுவந்தது. அதில் நாற்பதுகூடச் செய்யவில்லை. ஷெல்பி அதே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். காகிதத்தில் டேட்டோனா கூபே என்பது கோப்ராதான், மேலே வேறு உடுப்பு.

ஆறு மட்டும் செய்ததற்கும் காரணம் இதுவே. சேகரிப்பவர்களுக்காக எண்ணிக்கையைக் குறைத்த வண்டி இல்லை. பந்தயத்துக்கு ஆறு போதும், ஆறு செய்தார்கள்.

#3 தகரத்தச்சன்

கார்பரேட்டர் அண்ணா வழியைக் காட்டிவிட்டார். பாடி செய்த கதையை நான் எழுதுகிறேன், என் மனதுக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது.

வடிவம் பீட்டர் பிராக் என்பவருடையது. ஷெல்பி வேலைக்கு எடுத்த முதல் ஆள் அவர். இந்த வண்டியை வரைந்தபோது வயது 26, 27தான். அதற்கு முன்பு ஜெனரல் மோட்டார்ஸில் வேலை செய்தவர். பின்னாளில் கார்வெட் ஸ்டிங் ரேயாக வெளிவந்த வடிவத்தின் தொடக்கக் கோடுகளைப் பத்தொன்பது, இருபது வயதிலேயே வரைந்தவர். அந்த நிறுவனத்தின் நூலகத்தில் 1930களின் ஜெர்மன் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்திருக்கிறார். வூனிபால்ட் காம் என்ற பொறியாளரின் கொள்கை அவர் மனதில் அங்கேதான் பதிந்தது.

கொள்கை எளிது. காற்றை அமைதியாகப் பிரித்து மறுபடி சேர்க்க வேண்டும் என்றால் வண்டியின் பின்பக்கம் நீளமாக, மெல்ல மெல்லக் குறுகிப் போக வேண்டும். ஆனால் அப்படி ஒரு வால் வைத்தால் வண்டி ஊர் நீளத்துக்குப் போகும், எடையும் கூடும். காம் சொன்னது, குறுகத் தொடங்கிய பிறகு ஓர் இடத்தில் நேராக வெட்டிவிடு, பலனில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும் என்று. டேட்டோனாவின் பின்பக்கம் கத்தியால் அறுத்ததைப் போல் இருப்பது அதனால்தான்.

பிராக் வேலையைத் தொடங்கிய விதம்தான் அழகு. காகிதத்தில் முழுசாக வரைந்துவிட்டு ஆளை உள்ளே திணிக்கவில்லை. பாடியைக் கழற்றிய கோப்ரா சேசிஸில் இருக்கையை வைத்து, ஷெல்பி குழுவின் ஓட்டுநர் கென் மைல்ஸை உட்காரச் சொல்லி, அவர் தலையும் பார்வையும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து அதைச் சுற்றி முன்கண்ணாடியின் இடத்தைத் தீர்மானித்தார். பிறகு பிளைவுட்டில் குறுக்கு வெட்டு வெட்டாக ஒரு கூடு. அதன் மேல் பொருத்திப் பார்த்து அலுமினியத் தகடுகளைத் தட்டி எடுத்தார்கள். காற்றுச் சுரங்கச் சோதனை கிடையாது. அதற்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை.

பட்டறையில் பாதிப் பேருக்கு இதில் நம்பிக்கை இல்லை. பார்க்க அவலட்சணமாக இருக்கிறது, இந்த வால் எதற்கு என்று பேச்சு. மைல்ஸ் மட்டும் பிராக் பக்கம் உறுதியாக நின்றார். 1964 பிப்ரவரித் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ரிவர்சைடு தடத்தில் அவரே முதலில் ஓட்டினார். சாதாரணப் பந்தயக் கோப்ராவின் நேரத்தைச் சில விநாடிகள் கீழே இறக்கிவிட்டு வந்தார். அதன் பிறகு பட்டறையில் யாரும் அவலட்சணம் என்று சொல்லவில்லை.

#4 கேள்விக்கணை

நான் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் அண்ணா. ஒரு சந்தேகம். இன்ஜின் அதேதான் என்கிறீர்கள், சேசிஸும் அதேதான். வெறும் தகட்டை மாற்றியதற்கு இத்தனை வேகம் கூடுமா? நம்ப முடியவில்லை.

#5 தகரத்தச்சன்

தம்பி, நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். கோப்ரா 250இல் முட்டி நிற்கிறது, அதை 290க்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 290ஐ 250ஆல் வகுத்தால் 1.16. அதன் முப்படி ஏறத்தாழ 1.56. அதாவது பாடியைத் தொடாமல் இன்ஜினை மட்டும் நம்பினால் 56 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும்.

அந்த 4.7 லிட்டர் ஃபோர்டு இன்ஜின், நான்கு வெபர் கார்பரேட்டரோடு, 380இல் இருந்து 390 குதிரைசக்தி வரை கொடுத்தது. அதை 600க்கு ஏற்ற வேண்டியிருக்கும். அன்றைக்கு அந்த இன்ஜினில் 24 மணி நேரம் தாங்கும்படி 600 எடுப்பது நடக்காத காரியம். பிராக் எதிர்ப்பைக் குறைத்தார். டேட்டோனா 290ஐத் தாண்டி ஓடியது.

இன்னொரு பலனும் உண்டு. அதே வேகத்தில் ஓடும்போது இன்ஜின் குறைவாகத்தான் உழைக்கிறது. பெட்ரோல் குறைவாகச் செலவாகும், நிறுத்தங்கள் குறையும். நீண்ட பந்தயத்தில் இந்தப் பலனை வேகத்துக்குச் சமமாகவே வைக்க வேண்டும்.

#6 வொர்க்ஷாப்_வாசல்

நான் முப்பது வருடமாக ஸ்பேனர் பிடிப்பவன். பாடிக்கு இவ்வளவு புகழ் கொடுப்பவர்கள் அடியில் இருந்ததையும் பார்க்க வேண்டும். ஏ.சி ஏஸ் சேசிஸ் 1950களின் தொடக்கத்தில் ஜான் டோஜேரோ வடிவமைத்ததில் இருந்து வந்தது. இரண்டு பெரிய குழாய்கள் நீளவாக்கில், முன்னும் பின்னும் குறுக்கே ஒவ்வொரு லீஃப் ஸ்பிரிங். இரண்டு லிட்டர் இன்ஜினுக்கு நினைத்துச் செய்த எலும்புக்கூடு அது. அதன் மேல் 390 குதிரைசக்தியை ஏற்றி மணிக்கு 290இல் விட்டார்கள்.

பிராக் இதைத் தெரிந்தே செய்தார். கூரையைத் தாங்கும் சாக்கில் முக்கோண முக்கோணமாகக் குழாய்களை வைத்துப் பற்றவைத்து முழுச் சேசிஸையும் விறைப்பாக்கினார். கூபே வளைவிலும் கோப்ராவைவிட நன்றாக நடந்துகொண்டதற்கு அதுதான் காரணம். படம் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது; தெரிந்தவன் முதலில் அதைத்தான் தேடுவான்.

முதல் பந்தயத்திலேயே பலவீனமும் வெளியே வந்துவிட்டது. 1964 பிப்ரவரி, டேட்டோனாவில் 2000 கிலோமீட்டர் பந்தயம். வண்டிக்குப் பெயர் வந்ததும் அந்த ஊரால்தான். பாப் ஹோல்பர்ட்டும் டேவ் மெக்டொனால்டும் ஓட்டினார்கள், முன்னணியில் இருந்தார்கள். பின் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) கொதித்துவிட்டது. பிட்டில் பெட்ரோல் நிரப்பும்போது வழிந்து சூடான பகுதியில் பட, குப்பென்று தீ. வண்டிக்கு அடியில் இருந்த மெக்கானிக்குக்குத் தீக்காயம். வண்டி அதோடு விலகியது. ஓட்டுநர் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். அடியில் படுத்து வேலை செய்தவரையும் யாராவது நினைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

உள்ளே சூடும் பயங்கரம். முன்னால் பெரிய வி8, பக்கவாட்டில் புகைக்குழாய், மேலே மூடிய கூரை. ஓட்டியவர்கள் எல்லோரும் சொன்ன குறை அது.

#7 பழைய_கார்பரேட்டர்

தீப்பிடித்த வண்டியைச் சரிசெய்து அடுத்த மாதமே செப்ரிங் 12 மணி நேரத்துக்குக் கொண்டுபோனார்கள். அதே இருவர். ஜி.டி பிரிவில் முதலிடம், மொத்தத்தில் நான்காவது. ஃபெராரி ஜி.டி.ஓக்கள் பின்னால்.

மெக்டொனால்ட் அதற்கு இரண்டு மாதம் கழித்து, மே 30 அன்று இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தின் தொடக்கச் சுற்றுகளில் நடந்த தீ விபத்தில் இறந்துபோனார். கோப்ராவை அவரைப் போல் பக்கவாட்டில் வழுக்கவிட்டு ஓட்டியவர்கள் குறைவு. இந்த வண்டியின் பெருமையைப் பேசும் பலரும் லெ மானில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்பா தடம். ஃபில் ஹில் ஓட்டினார். பெட்ரோல் போகும் வழியில் அடைப்பு, பலமுறை நிற்க வேண்டியதாயிற்று, முடிவு கைவிட்டுப் போனது. ஆனால் ஓடிய நேரத்தில் ஜி.டி பிரிவின் அதிவேகச் சுற்று அவருடையது. பின்பக்கம் காற்றில் தூக்குகிறது, அதிவேக வளைவுகளில் பிடிப்பு இல்லை என்று அவர் அங்கே சொன்னதால்தான் வாலின் மேல்விளிம்பில் ஒரு ஸ்பாய்லர் (பின்பக்கத்தைக் கீழே அமுக்கும் தகடு) ஏறியது. அந்த வேலையைச் செய்தவர் ஷெல்பி பட்டறையின் ஃபில் ரெமிங்டன். இன்றைக்கு அந்த விளிம்பு இல்லாமல் டேட்டோனாவைக் கற்பனை செய்ய முடியாது.

ஜூனில் லெ மான். இரண்டு கூபேக்கள். கிறிஸ் ஏமனும் யோகன் நீர்பாஷும் ஓட்டிய வண்டி ஜி.டி பிரிவில் முன்னணியில் இருந்தது. மின்சாரக் கோளாறு, வெளியிலிருந்து பேட்டரி வைத்துக் கிளப்பினார்கள் என்று தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். டான் கர்னியும் பாப் பாண்டுரன்ட்டும் ஓட்டியதில் ஆயில் கூலர் பழுது. அதைத் துண்டித்துவிட்டு, ஆயில் சூட்டைப் பார்த்துப் பார்த்து மீதி மணிகளை ஓட்டினார்கள். மொத்தத்தில் நான்காவது, ஜி.டியில் முதலாவது. அடுத்து வந்தது ஒரு 250 ஜி.டி.ஓ. அவர்களுக்கு முன்னால் இருந்த மூன்றும் ஃபெராரியின் முழுப் பந்தய வண்டிகள், வேறு பிரிவு.

#8 மொடேனாப்பிரியன்

எல்லோரும் ஒரு பக்கமாகவே எழுதுகிறீர்கள். ஃபெராரி பக்கம் நின்று சில விஷயங்கள்.

1964 பட்டம் ஃபெராரிக்குத்தான் போனது. அதை யாரும் இன்னும் இங்கே சொல்லவில்லை. 1965 இல் ஷெல்பிக்குப் பட்டம் கிடைத்தது உண்மை, ஆனால் அந்த வருடம் எதிரே நின்றது யார்? ஃபெராரி 250 எல்.எம் வண்டியை ஜி.டியாக ஏற்கக் கேட்டது, சர்வதேச அமைப்பு மறுத்தது. அதன் பிறகு ஃபெராரி அந்தப் பிரிவில் பழைய தீவிரத்தோடு இல்லை. தனியார் அணிகளின் ஜி.டி.ஓக்கள் வயதாகிப்போன வண்டிகள். ஓடாத எதிரியை வென்றதை எப்படி இவ்வளவு பெரிதாகக் கொண்டாடுவது?

1965 லெ மானையும் பாருங்கள். ஜி.டி பிரிவை வென்றது பெல்ஜிய அணியின் ஃபெராரி 275 ஜி.டி.பி, மொத்தத்தில் மூன்றாவது. டேட்டோனாக்களில் முடித்த ஒன்று எட்டாவது. மொத்தப் பந்தயத்தை வென்றது ஜி.டியாக ஏற்க மறுக்கப்பட்ட அதே 250 எல்.எம்.

#9 பழைய_கார்பரேட்டர்

நீங்கள் சொன்ன முடிவுகள் சரி. அவற்றில் இருந்து நீங்கள் வரும் இடத்துக்கு நான் வர மாட்டேன்.

250 எல்.எம் நடுவில் இன்ஜின் வைத்த வண்டி. 250 ஜி.டியின் இன்னொரு உருவம் என்று சொல்லி நுழைக்கப் பார்த்தார்கள். 100 வண்டி செய்யவில்லை. அமைப்பு மறுத்ததில் என்ன அநியாயம்? அந்தத் தகராறின் நடுவே 1964 மொன்சா பந்தயம் பட்டக் கணக்கில் இருந்து விழுந்தது. ஷெல்பி குழுவுக்குப் புள்ளி எடுக்க இருந்த ஒரு வாய்ப்பு களத்துக்கு வெளியே போயிற்று. லெ மானிலும் இங்கிலாந்தின் குட்வுட்டிலும் ஜி.டி.ஓக்களை நேருக்கு நேர் அடித்த வருடம் அது. என்னைக் கேட்டால் உண்மையான வெற்றி வருடம் 1964தான், பட்டம் யாரிடம் போயிருந்தாலும் சரி. இதில் நீங்களும் நானும் ஓரளவு ஒத்துப்போகிறோம் என்று நினைக்கிறேன்.

1965 இல் எதிரி தளர்ந்திருந்தான் என்பதற்காக வென்றவனைக் குறைக்க முடியாது. ஐரோப்பாவில் ஆலன் மான் அணி வண்டிகளை நடத்தியது. டேட்டோனா, செப்ரிங், மொன்சா, நூர்பர்க்ரிங் என்று ஒவ்வொரு இடத்திலும் போய் நின்று, ஓடி, முடித்தார்கள். ரைம்ஸ் 12 மணி நேரத்தில் பாண்டுரன்ட்டும் ஜோ ஷ்லெசரும் ஜி.டி பிரிவை வென்றபோது பட்டம் உறுதியானது. அன்று 1965 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். ஓர் அமெரிக்க நிறுவனம் அந்தப் பட்டத்தை எடுத்தது அதுவே முதல் முறை.

#10 நாலாம்கியர்

பந்தயக் கதை அருமை. ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. மொடேனாவில் ஐந்து பாடிகள் செய்தார்களே, அதைப் பற்றி யாராவது?

#11 தகரத்தச்சன்

முதல் வண்டியின் சேசிஸ் எண் சி.எஸ்.எக்ஸ் 2287. அது மட்டும்தான் கலிபோர்னியாவில் வெனிஸ் பகுதியில் இருந்த ஷெல்பி பட்டறையிலேயே முழுசாக உருவானது. அந்தச் சின்ன இடத்தில் இன்னும் ஐந்து செய்ய ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் சேசிஸ்களை மொடேனாவுக்கு அனுப்பினார்கள். கரோட்செரியா கிரான் ஸ்போர்ட் என்ற பட்டறை பாடிகளைச் செய்தது. ஃபெராரி குடும்பத்தின் சொந்த ஊர் அது. ஃபெராரியைத் தோற்கடிக்கப்போகும் தகடுகளை அந்த ஊர்க் கைகளே தட்டிக் கொடுத்தன. அவர்களுக்கு அது வேலை, நல்லபடியாகச் செய்து கொடுத்தார்கள். 2286, 2299, 2300, 2601, 2602 ஆகியவை அந்த ஐந்து.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெனிஸ் பட்டறை ஷெல்பிக்கு முன்பு லான்ஸ் ரெவன்ட்லோ என்பவர் ஸ்கேரப் பந்தய வண்டிகள் செய்த இடம். ரெமிங்டன் அங்கேயே இருந்தவர். இடம் கைமாறியபோது அவரும் தொடர்ந்து வேலை செய்தார். தெற்குக் கலிபோர்னியாவில் போருக்குப் பிறகு ஹாட் ராட் பித்துப் பிடித்த ஒரு தலைமுறை இருந்தது. பழைய ஃபோர்டு வண்டியை வாங்கி, அறுத்து, பற்றவைத்து, காய்ந்த ஏரிப் படுகையில் ஓட்டிப் பார்த்து, மறுபடி அறுப்பவர்கள். எங்கிருந்து பாகம் வந்தது என்று அவர்கள் கவலைப்பட்டதே இல்லை. பிராக் கலிபோர்னியாவில் வளர்ந்தவர், ரெமிங்டனும் அப்படியே. மைல்ஸ் மட்டும் பர்மிங்ஹாம் பக்கத்து ஆங்கிலேயர், அவரும் அங்கே வந்து குடியேறியவர்தான்.

ஆங்கிலச் சேசிஸ், ஜெர்மன் கொள்கை, இத்தாலியத் தகரவேலை, டெட்ராய்ட் இன்ஜின். இத்தனையையும் ஒரு சில மாதத்தில் ஒன்றாகக் கட்டி ஓடவைக்க முடியும் என்று நினைத்த துணிவும், காற்றுச் சுரங்கம் இல்லாமலேயே கண்ணாலும் கையாலும் முடிவு செய்த முறையும் அந்த ஊர்ப் பட்டறைகளுடையது. நான் இதை அமெரிக்க வண்டி என்றுதான் சொல்வேன், தயக்கமே இல்லை.

#12 மொடேனாப்பிரியன்

இந்த வாதம் எனக்கும் ஏற்புடையதே. ஃபெராரியின் ஜி.டி.ஓவுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கு இருந்தது. டேட்டோனாவின் பின்னால் ஒரு கொட்டகையின் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் அமெரிக்காவுக்கே உரியது என்றால் மறுக்க மாட்டேன். ஆனால் 1965 பற்றி என் கருத்து மாறவில்லை.

#13 ஜெர்சிவாசி

நான் இருக்கும் நியூ ஜெர்சியில் இருந்து பிலடெல்பியா பக்கம்தான். அங்கே சிமியோன் அருங்காட்சியகத்தில்தான் சி.எஸ்.எக்ஸ் 2287 இருக்கிறது. அந்த ஒரு வண்டியின் பிற்காலக் கதையை எழுதுகிறேன், முன்கதைக்குக் குறைந்தது இல்லை அது.

1965 கடைசியில் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புவெளிக்குக் கொண்டுபோய் வேகச் சாதனைகளுக்கு ஓட்டினார்கள். கிரெய்க் பிரீட்லவும் பாபி டாட்ரோவும் ஓட்டினார்கள், இருபதுக்கும் மேற்பட்ட சாதனைகள். அதோடு அதன் பந்தய வாழ்க்கை முடிந்தது. ஃபோர்டின் கவனம் முழுவதும் தன் சொந்தப் பந்தய வண்டியான ஜி.டி40 பக்கம் போய்விட்டது. இந்த ஆறும் பழைய வண்டிகள், விற்றுத் தள்ள வேண்டியவை. அன்றைக்கு யாரும் இவற்றைப் பொக்கிஷமாகப் பார்க்கவில்லை.

2287 கைமாறி இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் வந்தது. அவர் அதை லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் ஓட்டினார். அந்தச் சூட்டிலும் இரைச்சலிலும் சாதாரணச் சாலையில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? தன் மெய்க்காவலராக இருந்தவருக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து அது அந்த மெய்க்காவலரின் மகளிடம் போயிற்று. அவர் வண்டியை வாடகைக் கிடங்கில் பூட்டி வைத்தார். வாங்க வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். வருடக்கணக்காக அந்த வண்டி எங்கே என்று வெளியுலகில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 2000 ஆம் ஆண்டு அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது, உரிமை யாருக்கு என்று வழக்கும் நடந்தது. கடைசியில் டாக்டர் ஃபிரெட் சிமியோன் வாங்கினார். மூளை நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணர், பழைய பந்தய வண்டிகளைச் சேர்ப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர்.

அவர் செய்த மிகப் பெரிய காரியம், அதைப் புதுசாக்காமல் விட்டது. வண்ணத்தில் வெடிப்பும் உரசலும் அப்படியே இருக்கின்றன. பளபளக்கும் வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் அழுக்காகத் தெரியும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தகடு எங்கே கையால் நிமிர்த்தப்பட்டது, எங்கே அவசரமாக ரிவிட் அடித்தார்கள் என்று தெரிய ஆரம்பிக்கும். 2014 இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதல் வண்டியாக ஏறியது இதுதான். அதன் அளவுகளும் படங்களும் ஆவணமாக நாடாளுமன்ற நூலகத்துக்குப் போயிருக்கின்றன. நாலாம்கியர் கேட்ட கேள்விக்கு அந்த நாட்டு அரசின் பதில் அது என்று எடுத்துக்கொள்ளலாம்.

#14 வொர்க்ஷாப்_வாசல்

புதுசாக்காமல் விட்டதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பெயிண்டைச் சுரண்டினால் மறுபடி ஒட்ட முடியாது. ஆனால் ஓடாமல் வைத்திருந்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சீல்களும் கெட்டுப்போகும். ஓட்டுகிறார்களா?

#15 ஜெர்சிவாசி

ஓட்டுகிறார்கள். அருங்காட்சியகத்தின் பின்னால் திறந்தவெளி இருக்கிறது. குறிப்பிட்ட சனிக்கிழமைகளில் சில வண்டிகளை வெளியே எடுத்து, கதை சொல்லி, ஓட்டிக் காட்டுவார்கள். எந்த நாளில் எந்த வண்டி என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

#16 மொடேனாப்பிரியன்

விலையையும் சொல்லிவிடலாம். ரைம்ஸில் பட்டத்தை உறுதி செய்த 2601, 2009 இல் கலிபோர்னியா மான்டரே ஏலத்தில் 70 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஜி.டி.ஓக்களோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. நாற்பதுக்கு நெருக்கமாகச் செய்த ஜி.டி.ஓ இன்று பலமடங்கு விலை போகிறது, ஆறே செய்த டேட்டோனா பின்னால் நிற்கிறது. எண்ணிக்கை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஜோடி கிடைக்காது.

#17 கேள்விக்கணை

யூடியூபில் டேட்டோனா கூபே என்று தேடினால் நிறைய வருகின்றன. ஆறுதான் என்றால் அவையெல்லாம் என்ன?

#18 பழைய_கார்பரேட்டர்

பெரும்பாலும் பிற்கால நகல்கள். தென்னாப்பிரிக்காவில் தயாராகும் சூப்பர்ஃபார்மன்ஸ் வண்டிக்குப் பிராக்கே வடிவத்தைத் திருத்திக் கொடுத்தார். கொஞ்சம் அகலம், கொஞ்சம் இடவசதி. ஃபேக்டரி ஃபைவ் நிறுவனம் பாகங்களாக விற்கிறது, வாங்கி நாமே கூட்டிக்கொள்ளலாம். ஓட்டி மகிழ நல்ல வண்டிகள். ஆனால் சேசிஸ் எண்ணைக் கேளுங்கள். மேலே தகரத்தச்சன் எழுதிய ஆறு எண்களில் ஒன்று இல்லை என்றால் 1964, 65 வண்டி இல்லை. அசல் ஆறும் இன்றைக்கும் இருக்கின்றன, ஒன்றும் அழியவில்லை. பந்தயத்துக்காகவே பிறந்த ஒரு வண்டிக்கு இது அபூர்வம்.

#19 கேள்விக்கணை

கடைசியாக ஒன்று அண்ணா. ஆறில் ஒன்றை மட்டும் எடுத்து ஆழமாகப் படிக்க வேண்டும் என்றால் எது? 2287ஆ?

#20 பழைய_கார்பரேட்டர்

2287 பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அந்தக் கதையில் பாதி பந்தயத்துக்கு வெளியே நடந்தது. நீங்கள் 2299ஐ எடுங்கள். மொடேனாவில் பாடி போட்ட முதல் வண்டி. 1964 லெ மானில் கர்னியும் பாண்டுரன்ட்டும் ஓட்டியது அதுதான். ஆகஸ்டில் குட்வுட் டூரிஸ்ட் டிராபியில் கர்னி அதில் மொத்தத்தில் மூன்றாவதாக வந்து ஜி.டியை வென்றார். 1965 டேட்டோனாவில் மறுபடி ஜி.டி முதலிடம், மொத்தத்தில் இரண்டாவது. அந்த மூன்று பந்தயங்களின் சுற்று நேரங்களை அதே பந்தயங்களில் ஓடிய ஜி.டி.ஓக்களின் நேரங்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேர்பாதை நீளமான லெ மானில் வித்தியாசம் எவ்வளவு, குட்டையான குட்வுட்டில் எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கெடுங்கள். நேற்று தகரத்தச்சன் போட்ட முப்படிக் கணக்கு தடத்தில் எப்படி நடந்தது என்று அதில் தெரியும். செய்து முடித்ததும் இங்கேயே போடுங்கள், நான் சரிபார்த்துத் தருகிறேன்.